மலக்குழி மரணங்கள்: அமலாக்கம்தான் குறையா, சட்டத்தின் எழுத்திலேயே ஓட்டையா?

#1 தெப்பக்குளம்

மலக்குழியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: "சட்டம் நல்ல சட்டம்தான், ஒழுங்காக அமல்படுத்துவதில்லை." இதை நான் ஏற்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துப் படித்தால், பொறுப்பில் இருப்பவர்கள் நழுவிப் போவதற்கான வழி அந்த எழுத்துக்குள்ளேயே இருப்பது தெரியும். அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் பழைய கதை கொஞ்சம். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-இலேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் முதல் மத்தியச் சட்டத்துக்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1997 ஜனவரி 26-இல். அந்தச் சட்டம் பிறந்த விதத்தைப் பாருங்கள். ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா, மேற்கு வங்கம், கோவா, திரிபுரா ஆகிய ஆறு மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்க, 252-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் இயற்றியது. காரணம், இதைத் துப்புரவு, பொதுச் சுகாதாரம் என்ற மாநிலப் பட்டியல் விஷயமாகவே அரசு எடுத்துக்கொண்டது. சாதிக் கொடுமை என்ற கணக்கில் அது வரவில்லை. ஒரு மனிதர் இன்னொருவரின் மலத்தைத் தலையில் சுமப்பது, கக்கூஸை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

தண்டனை என்ன? அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதுவும் அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுக்கும். பாதிக்கப்பட்டவர் நேராகப் போய் நிற்க முடியாது. உலர் கழிப்பறைகளை, அதாவது தண்ணீர் ஊற்றும் வசதி இல்லாமல் கையால் மலம் அள்ள வேண்டியவற்றை, நடத்தியதே பல ஊர்களில் நகராட்சிகள்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். யார் மேல் யார் புகார் கொடுப்பது?

2013 சட்டம் இதைச் சரிசெய்ய வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 6 முதல் அமலில் இருக்கிறது. மறுவாழ்வு, கணக்கெடுப்பு, பிணையில் விட முடியாத குற்றம் என்று நிறைய நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அதன் இரண்டாவது பிரிவில், வரையறைகள் இருக்கிற இடத்தில், இரண்டு வேலை நடந்திருக்கிறது.

ஒன்று: "கையால் மலம் அள்ளுபவர்" யார் என்ற வரையறை. சுகாதாரமற்ற கழிப்பறை, அதிலிருந்து மலம் போய் விழும் திறந்த சாக்கடை அல்லது குழி, ரயில் தண்டவாளம், அரசு அறிவிக்கும் வேறு இடங்கள் என்று அது போகிறது. பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. அவை "அபாயகரமான துப்புரவு" என்று தனியாக நிற்கின்றன. இதன் பலன் என்ன தெரியுமா? 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று அரசு பதில் சொன்னது. வரையறைப்படி அந்தப் பதில் சரி. சாக்கடையில் செத்தவர்கள் வேறு பத்தியில் இருக்கிறார்கள்.

இரண்டு: "அபாயகரமான துப்புரவு" என்பதன் வரையறை. ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதே அபாயகரமானது என்று அது சொல்லவில்லை. பாதுகாப்புக் கவசமும் கருவியும் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் செய்ய வைத்தால்தான் அபாயகரமானது என்கிறது. அதாவது தடை ஆளை இறக்குவதற்கு இல்லை, கையுறை தராமல் இறக்குவதற்குத்தான். இப்படி எழுதப்பட்ட சட்டத்தை எவ்வளவு நேர்மையாக அமல்படுத்தினாலும் ஆள் குழிக்குள்தான் இருப்பார்.

சட்டம் படித்தவர்கள், இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 ரமணி_கோவை

கவசம் கொடுத்தால் இறக்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. மொத்தமாகத் தடை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேப்பரிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

#3 வக்கீல்_தாமிரபரணி

தெப்பக்குளம் சொன்ன இரண்டும் சரி. கோர்ட்டில் தினம் நிற்கிறவன் என்ற முறையில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

சட்டத்தின் பத்தாவது பிரிவைப் படியுங்கள். குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை எடுக்கும். பொதுவான குற்றவியல் நடைமுறையில் இரண்டாண்டு தண்டனை உள்ள குற்றத்துக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. ஒருவர் உங்கள் சைக்கிளைத் திருடினால் அடுத்த வருடம்கூட வழக்கு நடக்கும். குழியில் இறக்கிக் கொன்றால் இந்தச் சட்டத்தில் மூன்றே மாதம். இறந்தவர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழ் வாங்கி, பிரேதப் பரிசோதனை அறிக்கைக்கு அலைந்து, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிவிடும். இதை யாரும் தெரியாமல் எழுதியிருக்க முடியாது.

அப்புறம் எஃப்.ஐ.ஆர். விஷயம். சாவு நடந்தவுடன் ஸ்டேஷனில் போடுவது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பிரிவு. பழைய இ.பி.கோ. 304-ஏ, 2024 ஜூலைக்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. மனு எழுதிக் கொடுத்தவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும் சேரும். குற்றம் சாட்டப்பட்டவராக யார் பெயர் வரும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சைட்டில் நின்ற சூப்பர்வைசர், இல்லையென்றால் லாரி ஓட்டுநர். சில வழக்குகளில் அந்த சூப்பர்வைசரும் இறந்தவரின் தெருக்காரர்தான், உறவுக்காரர்தான். டெண்டர் எடுத்த கம்பெனியின் பெயர் வராது. டெண்டர் விட்ட அலுவலகத்தின் பெயர் வரவே வராது. "நேரடியாகவோ மறைமுகமாகவோ" பணியமர்த்தக் கூடாது என்று ஏழாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும் என்று மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த "மறைமுகமாக" என்ற சொல்லைக் குற்றப்பத்திரிகையில் பார்ப்பது அபூர்வம்.

ஒன்பதாவது பிரிவில் இருக்கும் தண்டனையும் கேளுங்கள். முதல் முறை இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "அல்லது" என்பதைக் கவனியுங்கள். பணம் கட்டினால் போதும் என்று முடிக்கவும் அதில் இடம் இருக்கிறது.

#4 ஓய்வுபெற்ற ஏ.ஈ.

உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் பேசுகிறவர்கள் குழிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. அதற்காக நடப்பதை நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்னையின் பாதாளச் சாக்கடையில் பழைய பகுதிகள் நூறு வருடத்துக்கு மேல் ஆனவை. செங்கல் கட்டிய மேன்ஹோல், குறுகிய வாய், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் லாரி நுழைய முடியாத சந்து. சேலை, நாப்கின், கட்டடக் கழிவு என்று எல்லாம் உள்ளே போய் இறுகிப்போனால் மிஷின் பாதிதான் எடுக்கும். அடைப்பு எங்கே என்று சொல்ல வரைபடமும் சரியாக இருக்காது. வீட்டுக்குள் சாக்கடை எதிர்த்து வரும்போது மக்கள் கவுன்சிலரைப் பிடிப்பார்கள், கவுன்சிலர் எங்களைப் பிடிப்பார், நாங்கள் கான்ட்ராக்டரைப் பிடிப்போம். கான்ட்ராக்டர் யாரைப் பிடிப்பார் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு ராத்திரிக்குள் முடிய வேண்டும் என்பார்கள்.

டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் வேலை போகும். கேஸ் டிடெக்டர், சுவாசக் கருவி, பயிற்சி எல்லாவற்றையும் நேர்மையாகக் கணக்குப் போட்டு விலை சொன்னவர் அந்த டெண்டரில் ஜெயிக்கவே முடியாது. பொறியாளரைக் கைது செய் என்பது சுலபம். அந்த எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டு நிதி ஒதுக்கியவர்களை யார் கேட்பது?

#5 தெப்பக்குளம்

ஏ.ஈ. சார், நீங்கள் சொன்னதில் கடைசிப் பகுதிதான் என் வாதத்துக்கே உயிர். குறைந்த விலைக்கு டெண்டர் விடுவது என்பது, சாவு வரலாம் என்று தெரிந்தே எடுக்கும் நிர்வாக முடிவு. சட்டத்தின் 33-ஆவது பிரிவு சாக்கடையைச் சுத்தம் செய்ய நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாவிட்டால் என்ன தண்டனை என்று தனியாக எதுவும் இல்லை. கீழே நிற்பவருக்கு மட்டும் சிறை. மேலே இருப்பவருக்குக் கடமை, அதுவும் தண்டனை இல்லாத கடமை. சட்டம் தன் பாரத்தை யார் தோளில் வைக்கிறது என்பதை இந்த ஒரு வேறுபாட்டிலேயே பார்த்துவிடலாம்.

சந்து குறுகல் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கேரளத்தில் இளம் பொறியாளர்கள் மேன்ஹோலுக்குள் இறங்கும் ரோபோவையே செய்து காட்டிவிட்டார்கள். 2019-இல் டெல்லியில் குறுகிய தெருவுக்குள் போகிற சிறிய வண்டிகள் 200 கொண்டுவந்தார்கள். நாட்டுக்கு ராக்கெட் விடத் தெரியும், சந்துக்கு மிஷின் செய்யத் தெரியாதா? மலிவாக ஆள் கிடைக்கும்வரை யாருக்கும் அந்த அவசரம் வராது.

#6 பாலாற்றங்கரை

தோழர்களே, துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிறேன். "கவசம் கொடுத்தால் இறக்கலாம்" என்பது களத்தில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

2013 விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. கையில் வந்து சேருவது கையுறையும் ஒரு ஒளிரும் மேல்சட்டையும்தான். கையுறை முழங்கைக்குக் கீழே நின்றுவிடும், தண்ணீர் உள்ளே புகுந்தால் கனமாகி வழுக்கும், அதனால் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலை செய்வார்கள். போட்டோ எடுக்கும்போது மட்டும் மாட்டச் சொல்வார்கள். விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கருவி இல்லாத இடத்தில் பழைய ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? மூடியைத் திறந்து சிறிது நேரம் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். சுவரில் கரப்பான் ஓடினால் இறங்கலாம். ஒன்றும் அசையவில்லை என்றால் காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டுப் பார்ப்பார்கள். மீத்தேன் இருந்தால் அதுவே ஆபத்து.

ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, வாயு வெளியேறிவிட்டது என்று நினைத்து இறங்குவார்கள். முதல் ஆள் சுருண்டு விழுந்ததும் மேலே கயிறு பிடித்தவன் பதறிப்போய் உள்ளே குதிப்பான். அவனும் போவான். செய்தியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான். காப்பாற்றப் போனவர் பெரும்பாலும் அண்ணன் தம்பியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார்.

இன்னொன்று. மாநகராட்சிச் சாக்கடை மட்டும் இல்லை. இன்று வீடு, அபார்ட்மென்ட், ஓட்டல் ஆகியவற்றின் செப்டிக் டேங்குகளில் ஏராளமான சாவுகள் நடக்கின்றன. லாரியில் உறிஞ்சிய பிறகு அடியில் தங்கும் கெட்டிச் சகதியை வாளியில் அள்ளத்தான் ஆளை இறக்குகிறார்கள். அந்த வீட்டுக்காரரும் ஏழாவது பிரிவின்படி குற்றவாளிதான். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

#7 கல்வெட்டு

மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இந்த வேலைக்கு இப்போது யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. கூலி வேலைக்குப் போவதைவிட ஒரு குழிக்குக் கூடுதல் காசு கிடைக்கிறது என்று அவர்களாகத்தான் வருகிறார்கள். இது வறுமைப் பிரச்சினை, இதில் சாதியைக் கொண்டுவந்தால் தீர்வு தள்ளித்தான் போகும். மேலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சம் ஆக்கிவிட்டது. அது சிறிய தொகை இல்லை. நீதிமன்றங்கள் எதுவும் செய்யவில்லை என்ற தொனி எனக்கு நியாயமாகப் படவில்லை.

#8 தெப்பக்குளம்

கல்வெட்டு, நிதானமாகக் கேட்டிருக்கிறீர்கள், நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

2013, 2018 கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுபவர்கள் என்று அரசே அடையாளம் கண்டது 58,098 பேரை. அதில் 43,797 பேருக்குச் சாதி விவரம் இருந்தது. அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இது 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த எண்ணிக்கை. வறுமை மட்டும் காரணம் என்றால் இந்த நாட்டில் எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் இந்தக் குழிக்கு வருவதில்லை? பட்டினி கிடந்தாலும் "அந்த வேலை நமக்கு இல்லை" என்று ஒருவரைச் சொல்ல வைப்பதும், "இது உன் வேலைதானே" என்று இன்னொருவரிடம் போய் நிற்க வைப்பதும் வறுமை இல்லை.

"அவர்களாக வருகிறார்கள்" என்பதற்கு அரசியலமைப்பிலேயே பதில் இருக்கிறது. 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பசியும் வேறு வழியில்லாத நிலையும் ஒருவரைத் தள்ளுவதும் கட்டாயம்தான் என்று சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கிக்கொண்டு ஒருவர் வேலை செய்தால் அது கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு. நாற்பது வருடத்துக்கு முன்பே "சம்மதம்" என்ற சொல்லை அவ்வளவு தூரம் திறந்து பார்த்த நீதிமன்றம் அது. மலக்குழி வழக்குகளில் எதிர்த்தரப்பு இன்றும் "அவரே ஒப்புக்கொண்டுதான் இறங்கினார்" என்று வாதிடுகிறது. 2013 சட்டத்தின் ஆறாவது பிரிவு கையால் மலம் அள்ள வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றே சொல்கிறது.

நீதிமன்றங்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பு 2003-இல் போட்ட வழக்கில் 2014 மார்ச் 27-ஆம் தேதி நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு முக்கியமானது. 1993 முதல் சாக்கடையில் இறந்த எல்லோரையும் கண்டறிந்து குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20-இல் பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சம் ஆனது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். வேலையை வெளியே விட்டாலும் பொறுப்பு இருக்க வேண்டும், ஒப்பந்தத்தையே ரத்து செய்ய வழி செய்ய வேண்டும் என்றும் அதில் உத்தரவு இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் இதை அடியோடு நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

ஆனால் வழக்கு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பத்து லட்சம், முப்பது லட்சம் என்று தொகை ஏறியிருக்கிறது. தண்டனை பெற்றவர்களின் கணக்கு ஏறவில்லை. சாவுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய தொகை தெளிவாக இருக்கிறது, சாவுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது மங்கலாகவே இருக்கிறது. இழப்பீடு குடும்பத்துக்கு வேண்டும், ஒரு ரூபாய் குறையக் கூடாது. அதைக் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று அரசும் ஒப்பந்ததாரரும் நினைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

#9 செங்காந்தள்

சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். இந்த விவாதத்தைப் படிக்கும்போது விமர்சனச் சட்டவியல் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. 1977-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் நடந்த ஒரு மாநாட்டிலிருந்து தொடங்கிய சிந்தனைப் போக்கு அது. சட்டம் அரசியலுக்கு மேலே நிற்கும் நடுநிலைக் கருவி என்பதை அவர்கள் ஏற்கவில்லை. சட்டத்தின் சொற்களை எந்தப் பக்கமும் இழுக்கலாம், கடைசியில் அதிகாரம் இருக்கிற பக்கம்தான் அவை போய்ச் சேரும் என்றார்கள். உரிமை உரிமை என்று பேசிக்கொண்டிருப்பது போராட்டத்தை மழுங்கடிக்கும் என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

தெப்பக்குளம் அண்ணன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான் என்று நினைக்கிறேன். வரையறையே இப்படி என்றால், பிறகு எதற்கு இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? தெருவில் இறங்கிப் போராடி மிஷின் வாங்க வைப்பது மேல் இல்லையா? 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்தார்களே, அந்தப் பதின்மூன்று நாளில் இந்த ஊர் அவர்களைப் பார்த்த மாதிரி எந்தத் தீர்ப்பும் பார்க்க வைக்கவில்லை.

#10 பாலாற்றங்கரை

தங்கச்சி, அந்தப் போராட்டம் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடைபாதையை மறித்து உட்கார அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. தெருவில் இறங்கினாலும் சட்டம் அங்கேயும் வந்து நிற்கும். அதை விட்டு ஓட நமக்கு இடமில்லை.

உரிமைப் பேச்சு மழுங்கடிக்கும் என்று சொல்கிறவர்களுக்கு உரிமை பிறப்பிலேயே கிடைத்திருக்கும். எங்கள் ஆட்கள் ஆபீஸுக்குள் போனால் நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஒரு அம்மா, கணவர் குழியில் போனவர், உச்ச நீதிமன்ற உத்தரவின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருவார். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளில் ஒரு எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதை மேசைமேல் வைத்ததும் எதிரே இருப்பவர் குரல் மாறும். "உட்காருங்கம்மா" என்று வரும். அதை இழக்கச் சொல்லாதீர்கள்.

#11 செங்காந்தள்

நீங்கள் சொல்வது புரிகிறது அண்ணா. அந்த மேடிசன் ஆட்களுக்கு அமெரிக்காவிலேயே கறுப்பினச் சட்ட அறிஞர்கள் இதே பதிலைத்தான் சொன்னார்கள். உங்களுக்கு உரிமை சலித்துப்போயிருக்கலாம், சொத்தாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது இன்னும் சலிக்கவில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதை நான் முதல் பதிவிலேயே சேர்த்திருக்கலாம்.

அம்பேத்கரும் 1943-இல் புனேயில் பேசும்போது, உரிமையைக் காப்பது சட்டத்தைவிடச் சமூகத்தின் மனச்சாட்சிதான் என்ற கருத்தைச் சொன்னார். அதே அம்பேத்கர்தான் ஐந்தாறு வருடத்தில் உட்கார்ந்து அவ்வளவு பெரிய சட்டத்தை எழுத வைத்தார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

#12 வக்கீல்_தாமிரபரணி

செங்காந்தள், சட்டத்தின் சொல்லை எந்தப் பக்கமும் இழுக்கலாம் என்றால் நாமும் நம் பக்கம் இழுக்கலாமே. எப்படி என்று சொல்கிறேன்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் ஒன்று வந்தது, 2016 ஜனவரி 26 முதல் அமல். அதன் 3(1)(ஜே) பிரிவின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரைக் கையால் மலம் அள்ள வைப்பதே வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இந்தப் பிரிவு எஃப்.ஐ.ஆரில் ஏறினால் நிலைமையே மாறும். விசாரணை டி.எஸ்.பி. கையில் போகும். முன்ஜாமீன் கேட்க முடியாது. 2013 சட்டத்தின் மூன்று மாதக் கெடு இதற்குப் பொருந்தாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் பெறவும், ஜாமீன் மனுவில் எதிர்த்துப் பேசவும் உரிமை உண்டு.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். செப்டிக் டேங்க் வேலை 2013 வரையறைப்படி "கையால் மலம் அள்ளுதல்" ஆகாது என்பார்கள். தெப்பக்குளம் சொன்ன அதே ஓட்டை இங்கேயும் வரும். அதற்கு நான் வைக்கும் வாதம் இது: 2014, 2023 இரண்டு தீர்ப்புகளிலும் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களைக் கையால் மலம் அள்ளும் கொடுமையின் தொடர்ச்சியாகத்தான் பேசுகிறது, 17-ஆவது பிரிவோடு சேர்த்துத்தான் வாசிக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தின் நோக்கத்துக்குக் குறுகிய வாசிப்பு உதவாது. எல்லா நீதிபதியும் ஒப்புக்கொள்வார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போலீஸ் தானாக இந்தப் பிரிவைப் போடாது, நாம் கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பேச்சே தொடங்கும்.

#13 கல்வெட்டு

1982 தீர்ப்பைத் தேடிப் படித்தேன். சம்மதம் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இழப்பீடு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. தண்டனைக்கு வருடக்கணக்கில் இழுக்கிற நாட்டில், உடனே கையில் கிடைக்கும் பணம்தான் அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும்.

#14 ஓய்வுபெற்ற ஏ.ஈ.

வக்கீல் சாருக்கு ஒரு குறிப்பு. வழக்கு நடத்துகிறவர்கள் எஸ்டிமேட்டையும் டெண்டர் ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புக் கருவிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அந்தத் தொகைக்கு அந்தக் கருவி வாங்க முடியுமா என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். யார் கையெழுத்து என்பதும் இருக்கும். நான் பணியில் இருந்தவரை எந்தச் சாவு விசாரணையிலும் அந்தக் கோப்பை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

#15 மணல்வீடு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்ற மாதம் ஒரு ஓட்டலின் செப்டிக் டேங்கில் இறந்துபோனான். இருபத்து நான்கு வயது, போன வருடம்தான் கல்யாணம். ஓட்டல்காரர் காரியச் செலவுக்கென்று கொஞ்சம் பணம் கொடுத்து ஏதோ தாளில் அவன் மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் கொடுக்கவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

#16 வக்கீல்_தாமிரபரணி

முடியும். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை, அதுதான் முதல் விஷயம்.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும் குற்ற வழக்கை அது முடிக்காது, பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். தராவிட்டால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதே மனுவில் 2013 சட்டம் 7, 9 பிரிவுகளையும், பையன் பட்டியல் சாதி என்றால் 3(1)(ஜே)-யையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டல் உரிமையாளர், லாரிக்காரர், இருவர் பெயரையும் எழுதுங்கள். நகல் ஒன்று ஆட்சியருக்கு, 30 லட்சம் இழப்பீடு கேட்டு, 2023 தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு. தனியார் இடம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

புகார் மனுவை அனுப்புவதற்கு முன் எனக்குத் தனிச்செய்தியில் காட்டுங்கள், இன்று இரவே பார்த்துத் தருகிறேன். இறந்த தேதியை மட்டும் இப்போதே சொல்லுங்கள்.